கோல்கொண்டேயை எக்கோல் கொண்டு அளப்பது?

ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்று மதிப்பிட நம் நாட்டில் இன்று விரிவான நெறிகள் உள்ளன. ஆற்றல் சேமிப்புக் கட்டட நெறி 2007இல் வெளிவந்தது. 'கிரிஹா' தரமதிப்பீட்டை மைய அரசு ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். அமெரிக்காவில் பிறந்த 'லீட்' முறை அவற்றிற்குச் சில ஆண்டுகள் முன்னரே இங்கு வந்துவிட்டது. இவையெல்லாம் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட கட்டடம் ஒன்று புதுவையில் இருக்கிறது. அதை இந்நெறிகளின் அருகே நிறுத்திப் பார்ப்பதே நம் நோக்கம்.

அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான 'கோல்கொண்டே'யை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, அமெரிக்கரான இவர், டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் பணிக்காக 1919இல் பிராங்க் லாயிட் ரைட்டுடன் சப்பான் சென்று அங்கேயே தொழிலை அமைத்துக்கொண்டவர். அவருடைய அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நாகாஷிமா புதுவை வந்தார். பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் பெற்றவர் இவரே. கொர்புசியேயிடம் பணியாற்றிய பிரான்டிசேக் சாம்மரும் உடன் உழைத்தார். பொருளுதவி ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரி வழியாகக் கிடைத்தமையால் அந்நாட்டுக் கோட்டையின் பெயர் விடுதிக்கு வாய்த்தது. 1937இல் தொடங்கிய வேலை, போர்க்காலத் தட்டுப்பாடுகளுக்கிடையே மெல்லவே நகர்ந்தது. அடியார்கள் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகளும் கீல்களும் வார்த்தனர் என்பது ஆசிரம வரலாறு கூறும் செய்தி. (பழைய பித்தளையைச் 'சுழற்சிப் பொருள்' என்று கணக்கிட்டு மதிப்பெண் தரும் வழக்கம் அன்று இல்லை!)

இனி, கட்டடத்தின் அமைப்பைக் காண்போம். புதுவை ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு பிற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட திங்களில் வடபுறம் சாயும். ஆகவே வெப்பத்தை மிகுதியாக ஏற்பது கூரை. அடுத்தது, தாழ்ந்து வரும் காலை மாலை வெயில் படும் கிழக்கு மேற்குச் சுவர்கள். ரேமண்ட் கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டிக் குறுகிய பக்கங்களையே அவ்வெயிலுக்குக் காட்டினார். கான்கிரீட் கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கினார். மேல் ஓடு சூடேறினாலும் இடையிலுள்ள காற்று அதனை அறைக்குள் எளிதில் இறங்கவிடாது. வடபுறம் நடைவழி, தென்புறம் அறைகள். இரண்டிற்கும் இடையே இழுத்து மூடக்கூடிய, இடைவெளியுள்ள தேக்குக் கதவுகள். மூடினாலும் காற்று புகும். வட தென் முகங்கள் முழுவதும் 'லூவர்' எனப்படும் கிடைமட்டச் சாய்தகடுகள். வெயிலைத் தடுத்துக் காற்றை விடவும், மழையில் மூடவும், திருப்பினால் போதும். தரையில் கடப்பைக்கல், இருபுறமும் தோட்டம்.

இக்கட்டடத்திற்கு இன்றைய மதிப்பீட்டாளர் என்ன மதிப்பெண் தருவார்? பெரும்பாலான முறைகள் கணினியில் ஒரு கற்பனைக் கட்டடத்தை எழுப்பி, அதைவிட நம் கட்டடம் எத்தனை விழுக்காடு குறைவாக மின்சாரம் செலவிடுகிறது என்று கணக்கிடுகின்றன. அந்தக் கற்பனைக் கட்டடம் குளிர்சாதனம் பொருத்தியது. கண்ணாடியால் போர்த்திய அலுவலகம் சிறந்த குளிர்சாதனத்தை வாங்கினால் அதன் சேமிப்பு கணக்கில் பளிச்சென்று தெரியும். குளிர்சாதனமே வேண்டாத கட்டடத்தின் சேமிப்பைக் காட்டத் தனிக் கணக்கு வேண்டும். ஒரு நோய்க்கு மருந்து வாங்கியவனைப் பாராட்டி, நோயே வராதவனைக் கேள்வி கேட்பது போன்றது இது என்போம்.

மற்றொரு குறையும் உண்டு. நெடுநல்வாடையில், கூதிர்காலம் வந்ததும் வேனிற்பள்ளிக்குத் தென்றலைக் கொணரும் சாளரங்களைத் தாழிட்டு அடைப்பது பேசப்படுகிறது. அதே பாட்டில் நூலறிவோர் ஞாயிற்றின் நிழல் கொண்டு திசை குறித்து மனை வகுப்பதும் வருகிறது. திசை வகுப்பது கட்டுவோர் வேலை. திறப்பதும் அடைப்பதும் வாழ்வோர் வேலை. கோல்கொண்டேயின் திறன் பாதி இரண்டாமவர் கையில் உள்ளது. வெயில் ஏறும்போது தகட்டைத் திருப்ப ஆளில்லையெனில் அமைப்பு முழுதும் வீண். கணினிக் கணக்கில் இந்த ஆளுக்கு ஒரு கால அட்டவணைக்கு மேல் இடமில்லை.

கோல்கொண்டே குறையற்றது என்றும் சொல்வதற்கில்லை. அத்தகடுகள் கல்நார் சிமெண்டால் ஆனவை. கல்நாரின் தீங்கை அறிந்த இன்று எவரும் அதைப் பரிந்துரையார். சிமெண்டும் இரும்பும் உண்ட ஆற்றலும் சிறிதன்று. இவற்றைப் பட்டியலிட்டுக் கேட்பதில் இன்றைய மதிப்பீடுகளே மேலானவை.

அளவுகோலும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இயற்கைக் காற்றில் வாழும் இந்தியர்க்கு மிகு வெப்பமும் இசைவானதே என்று 2014இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதனை ஏற்றது. குடியிருப்புகளுக்கான 2018ஆம் ஆண்டின் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா', புதுவை போன்ற வெம்மையும் ஈரமும் மிக்க ஊர்களில், திறக்கத்தக்க சாளரப் பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என விதித்தது. கோல்கொண்டேயிலோ வட தென் சுவர்களே சாளரங்கள்.