கீழாநெல்லி: ஒரு பெயரும் மூன்று இனங்களும்

கீழாநெல்லியை இனங்காண்பது எளிது என்றே தோன்றும். நெல்லியிலையை ஒத்த இலையும் கிளையின் கீழ்ப்புறம் வரிசையாகத் தொங்கும் சிறு காயும் அதன் பெயரிலேயே அடங்கியுள்ளன. ஆயினும் இவ்வடையாளம் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்குப் பொருந்துகிறது. சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது.

வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' பத்தாம் தொகுதி (1690) இதனைக் 'கிர்கனெலி' எனப் படத்துடன் பதிவுசெய்தது. 1753இல் லின்னேயஸ் அப்படத்தையும் பார்படோஸ் தீவுச் செடியொன்றைப் பற்றிய குறிப்பையும் 'பில்லாந்தஸ் நிரூரி' என்னும் ஒரே பெயரின்கீழ் இணைத்தார். ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரநூலும் அப்பெயரையே கைக்கொண்டது. நிரூரி அமெரிக்கப் பகுதிக்கே உரியது என்பதை 1950களில் வெப்ஸ்டர் தெளிவுபடுத்தினார். இந்திய நூல்கள் நிரூரி என்றவை அமாரஸ், பிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்களின் கலவை என்பதை மித்ரா, ஜெயின் ஆகியோர் 1985இல் காட்டினர். அமாரஸின் பூவில் புல்லிகள் ஐந்து; ஏனைய இரண்டிலும் ஆறு. டெபிலிஸின் இலை இருமுனையும் குறுகியது. காய்ந்து நொறுங்கிய சரக்கில் இவற்றைக் காண்பது அரிது. தென்னிந்தியக் கடைச்சரக்கில் அமாரஸ் மிகுதி. வடமேற்கில் பிரேட்டர்னஸ் இடம்பெறுகிறது.

நாட்டார் அறிவு எல்லா வேறுபாட்டையும் முன்பே அறிந்திருந்தது என்று கூறும் போக்கு நம் ஆய்வுகளில் உண்டு. இங்கு அது செல்லாது. மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி ஆகியவற்றைத் தமிழ் வழக்கு தனியே பிரித்தது உண்மை. ஆனால் இம்மூன்றையும் கீழாநெல்லி என்னும் ஒரே பெயரில்தான் வழங்குகிறது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. கல்லீரல் அழற்சி 'பி' நச்சுயிரி குறித்த 1987ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை நிரூரி என்று எழுதியது. தியாகராஜன் குழுவினர் சென்னையில் நிகழ்த்தி 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு அமாரஸ் என்றது. அதில் மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடம் நச்சுயிரியின் மேற்பரப்பு அடையாளப்பொருள் மறைந்தது. மற்றைக் குழுவின் 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது. தாய்லாந்தில் அமாரஸைக் கொண்டே செய்த ஆய்வில் இப்பயன் கிட்டவில்லை. எனவே இனப்பெயரைத் திருத்துவது மட்டும் போதாது. செடி விளைந்த இடம், பறித்த பருவம், பயன்படுத்திய உறுப்பு ஆகியவையும் பதிவாதல் வேண்டும்.

சித்த மருத்துவச் சுவடிப் பதிப்புகள் பலவற்றின் பின்னிணைப்புகளில் கீழாநெல்லிக்கு நேராக நிரூரி என்றே இன்றும் காணப்படுகிறது. பதிப்பாசிரியர் செடியைப் பார்த்து எழுதினாரா, முந்தைய அகராதியைப் பார்த்து எழுதினாரா என்பதை அப்பட்டியல்களிலிருந்து அறிய இயலவில்லை.