சோடாபுட்டிக் கண்ணாடியும் சர்ஜனின் கண்ணும்

உசிலம்பட்டி வட்டாரத்தில் 80-களில் சின்னப் பையனாக இருந்தவர்களுக்கு, கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்ட பெரியவர்களைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் தெரியும். முகத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி இருக்கும். அதற்குப் பின்னால் கண் ரெண்டும் மாட்டுக் கண் மாதிரி பெரிதாகத் தெரியும். சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் போனால் அப்படி நாலைந்து பேரையாவது பார்க்கலாம். இன்றைக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஒருத்தரைக்கூடப் பார்க்க முடியாது. புரை வருவது நின்றுவிடவில்லை. ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் குறையவில்லை, அன்றைக்கு விட இன்றைக்கு அதிகம். அப்புறம் அந்தக் கண்ணாடி எங்கே போனது?

'உள்ளேயே லென்ஸ் வச்சிடுறாங்கல்ல' என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். சரிதான், ஆனால் அது பாதிப் பதில். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1949-இல். நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி அந்த ஆபரேஷனைத் தொடங்கினார். போரில் விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் சிதறல்கள் கண்ணுக்குள் புகுந்த விமானிகளை அவர் பார்த்திருந்தார். அந்தப் பிளாஸ்டிக்கைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. அப்படியானால் 80-கள் வரை நம்மூர்க் கிழவிகள் ஏன் சோடாபுட்டி போட்டுக்கொண்டு திரிந்தார்கள்? லென்ஸ் விலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆபரேஷன் பண்ணுகிறவரின் கண்ணுக்கு அந்த வேலைக்கு வேண்டிய பார்வை முதலில் தேவைப்பட்டது.

கொஞ்சம் பின்னால் போவோம். சுசுருதர் காலத்திலிருந்து நம் நாட்டில் நடந்தது, ஊசியை உள்ளே விட்டுப் புரையைக் கீழே தள்ளிவிடும் முறை. இதில் சர்ஜனின் கண்ணுக்குப் பெரிய வேலை இல்லை, கைக்குத்தான் வேலை. ஊசி நுனியில் லென்ஸ் தட்டுப்படுவதை விரல் உணர வேண்டும். தஞ்சை சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் வண்ணப் படங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ஆர். எச். எலியட், ஊர் ஊராகப் போய்ப் புரை தள்ளுகிறவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அவரிடம் வந்து சேர்ந்ததெல்லாம் அந்த வைத்தியத்தால் கெட்டுப்போன கண்கள். அதனால் அவர் கோபமாகத்தான் எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்தது புரையை வெளியே எடுக்கும் முறை. பஞ்சாபில் ஜலந்தரில் இருந்த ஹென்றி ஸ்மித், லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசாகப் பிதுக்கி எடுப்பதில் பேர் வாங்கியவர். பல்லாயிரம் கண்கள் செய்தார். உலகம் முழுக்க இருந்து டாக்டர்கள் ஜலந்தருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உறையோடு எடுக்கும் இந்த முறைதான், கருவிகள் மாறி மாறி, 80-கள் வரை நம் முகாம்களில் நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அளவுகள். மனித லென்ஸின் அகலம் 9, 10 மில்லிமீட்டர். அதை வெளியே எடுக்கக் கருவிழியின் ஓரத்தில் கிட்டத்தட்ட அரைவட்டமாக வெட்ட வேண்டும். எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு. நல்ல கண்ணும் நல்ல வெளிச்சமும் இருந்தால் வெறும் கண்ணாலேயே செய்யலாம். அதனால்தான் பள்ளிக்கூட வகுப்பறையில் மேஜையைப் போட்டு, உதவியாளர் டார்ச் பிடிக்க, ஒரே நாளில் வரிசையாகச் செய்ய முடிந்தது. கூடுதலாக வேண்டுமானால் சர்ஜன் நெற்றியில் ஒரு லூப் மாட்டிக்கொள்வார். இரண்டு கண்ணுக்குமான எளிய லூப்பை 1876-இலேயே ஜெர்மனியில் சேமிஷ் செய்துவிட்டார். 1912-இல் சைஸ் நிறுவனம் குட்டித் தொலைநோக்கி மாதிரியான லூப்பைக் கொண்டுவந்தது. இரண்டு, இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும்.

லூப்பில் வேறொரு உபகாரமும் உண்டு. நாற்பதைத் தாண்டினால் நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வருகிறதே, சர்ஜனுக்கு மட்டும் வராதா? (எனக்கு 43-இல் வந்தது. மானிட்டரைத் தள்ளி வைத்துச் சமாளித்தேன். சர்ஜன் நோயாளியைத் தள்ளி வைக்க முடியாது.) சராசரிக் கண்ணால் 25 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பதினாலில் ஒரு பங்கு வரை பிரித்தறியலாம். இது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்ற கோணத்தை வைத்துப் போட்ட கணக்கு. வெள்ளெழுத்து வந்தவர் 40 சென்டிமீட்டருக்குத் தள்ளிப்போனால் அது ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். கை அனுபவம் ஏற ஏற, கண் இறங்குகிறது. படிக்கிற கண்ணாடி போட்டால் பார்வை தெளியும், ஆனால் குனிந்து கிட்டே போக வேண்டும், கழுத்து போய்விடும். லூப் தள்ளி நின்றே பெரிதாகக் காட்டும். தலையில் பாரம், குறுகிய பார்வைப் பரப்பு என்ற விலையைக் கொடுத்துவிட்டு.

சரி, உறையோடு எடுத்துவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்? கண்ணுக்குள் லென்ஸே இல்லை. அதை ஈடுகட்ட ப்ளஸ் பத்து பவரில் வெளியே கண்ணாடி. அதுதான் சோடாபுட்டி. அது எல்லாவற்றையும் கால்வாசிக்கு மேல் பெரிதாகக் காட்டும். செம்பை எடுக்கக் கை நீட்டினால், செம்பு கை போன இடத்தில் இருக்காது. பக்கவாட்டில் வளையம் போல ஒரு பகுதி தெரியவே தெரியாது. அதனால் எதிரே வருகிற ஆள் திடீரென்று முளைத்த மாதிரி முன்னால் நிற்பார். ஒரு கண் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால் ரெண்டு கண்ணின் பிம்பமும் ஒன்று சேராது. இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோதான் கதை முடிந்தது. கிணற்று மேட்டிலும் வரப்பிலும் நடக்கிற மனுஷிக்கு அந்த நிமிஷத்திலிருந்து மறுபடி குருடு. வெற்றிகரமான ஆபரேஷன் என்று பதிவேட்டில் இருக்கும், ஆள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

லென்ஸை உள்ளே வைக்க வேண்டுமென்றால், அதைத் தாங்க ஒரு இடம் வேண்டும். அதற்குப் பழைய லென்ஸின் உறையை, முக்கியமாகப் பின்பக்க உறையை, கிழியாமல் விட்டுவைக்க வேண்டும். அதன் தடிமன் சுமார் 4 மைக்ரான். தலைமுடி 70 மைக்ரான் என்று வைத்தால், அதில் பதினேழில் ஒரு பங்கு. அதுவும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற சவ்வு. தையல் போடும் நைலான் நூலும் முடியை விட மெல்லிசு, 20 முதல் 30 மைக்ரான். வெறும் கண்ணுக்கும் டார்ச்சுக்கும் இது அப்பாற்பட்டது. லூப்பும் போதாது.

இங்கேதான் மைக்ரோஸ்கோப் வருகிறது. முதலில் அதை ஆபரேஷனுக்குப் பயன்படுத்தியவர்கள் கண் டாக்டர்கள் இல்லை, காது டாக்டர்கள். 1921-இல் ஸ்டாக்ஹோமில் நைலேன். கண்ணுக்கு 1946-இல் சிகாகோவில் ரிச்சர்ட் பெரிட். 1953-இல் சைஸின் ஓ.பி.எம்.ஐ. 1 கடைக்கு வந்தபின்தான் அது பரவியது. உருப்பெருக்கம் மட்டும் அதன் பலம் இல்லை. அதன் விளக்கு, பார்க்கிற பாதையிலேயே கண்ணுக்குள் போகிறது. விழித்திரையில் பட்டுச் சிவப்பாகத் திரும்பி வருகிறது. அந்தச் சிவப்புப் பின்னணியில்தான் கண்ணுக்கே தெரியாத சவ்வின் விளிம்பும் சுருக்கமும் கோடு கோடாகத் தெரியும். பூனைக் கண் இருட்டில் மின்னுவதும் விளக்கொளி உள்ளே பட்டுத் திரும்புவதால்தான்.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிராமத்து ஆட்கள் புரை முற்றி வெள்ளையானபின்தான் வருவார்கள். 'நாத்து நட்டு முடியட்டும், அறுப்பு முடியட்டும்' என்று. வெள்ளைப் புரையில் ஒளி உள்ளே போகாது, சிவப்பும் திரும்பாது. முன்பக்க உறையை வட்டமாகக் கிழிக்க வேண்டிய இடமே தெரியாது. இதற்கு 1999-இல் நெதர்லாந்தின் மெல்லஸ் ஒரு வழி சொன்னார். டிரைபன் புளூ என்ற சாயத்தை உள்ளே விட்டால் உறை மட்டும் நீலமாகும். சர்ஜனின் பார்வைக்கான உதவியில் இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணாடியை மாற்றுவதற்குப் பதில், பார்க்க வேண்டிய பொருளுக்கே பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

மதுரைக் கதைக்கு வருவோம். வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் விரல்களை மடக்கிப் போட்டது. கண்ணுக்கு மாறினார். தன் கைக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். 1956-இல் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய ராஜாஜி) கண் பிரிவுக்கு வந்தார். 1976-இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். அவருடைய கைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கைகளுக்கு மேலே இருந்த கண்ணைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர் தொழில் கற்றது வெறும் கண், லூப் காலத்தில். அவருடைய மருத்துவமனையோ மைக்ரோஸ்கோப் காலத்தில் வளர்ந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தொடங்கிய ஒருவர், தான் கற்ற முறையையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

மைக்ரோஸ்கோப் வந்ததும் முகாமே மாறியது. அதை வகுப்பறைக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ஊரில் பரிசோதனை மட்டும், ஆபரேஷனுக்கு மதுரைக்குப் பஸ் என்றானது. தியேட்டரில் ரெண்டு மேஜைக்கு நடுவே ஒரு மைக்ரோஸ்கோப். ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் தயாராக இருப்பார், சர்ஜன் அதன் கையைத் திருப்பிக்கொண்டால் போதும். (எங்கள் தொழிலில் இதைப் பைப்லைன் என்போம்.) 1992-இல் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. நூறு டாலரை ஒட்டியிருந்த பொருள் சுமார் பத்து டாலருக்கு வந்தது. 1994-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் தொடங்கிய புரைத் திட்டமும் லென்ஸ் பக்கம் தள்ளியது. அத்தோடு சோடாபுட்டி போயிற்று. கண்ணாடி நோயாளியின் முகத்திலிருந்து இறங்கி, சர்ஜனின் முகத்துக்கு முன்னால் ஒரு இரும்புக் கையில் போய்த் தொங்கியது.

இதனால் வயதான சர்ஜனுக்கு எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. மைக்ரோஸ்கோப்பில் பிம்பம் தொலைவில் இருப்பது போல அமைப்பதால் கண் குவிய வேண்டியதில்லை, வெள்ளெழுத்து அங்கே தொந்தரவு தராது. கிட்டப்பார்வை, தூரப்பார்வையை ஐபீஸைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம், கண்ணாடியைக் கழற்றிவிடலாம். சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு மட்டும் திருகல் உதவாது. அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும், ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டு. என்னைப் போல ப்ரோக்ரஸிவ் போடுகிறவர்கள் இன்னும் பாவம். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் பவர் மாறும். அதனால் தியேட்டருக்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. மாஸ்க் காற்று மேலே ஏறிக் கண்ணாடியில் ஆவி படிவதற்கு, மாஸ்க்கின் மேல் விளிம்பில் பிளாஸ்திரி.

ரயில் ஓட்டுகிறவருக்கு நம் நாட்டில் குறிப்பிட்ட இடைவெளியில் கண் சோதனை கட்டாயம், வயது ஏற ஏற இடைவெளி குறையும். 4 மைக்ரான் சவ்வின் மேல் வேலை செய்கிற சர்ஜனுக்கு அப்படி ஒன்று கிடையாது. ரெண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணர்கிறதா என்பதை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அதற்கான படப் புத்தகமும் கண்ணாடியும் எந்தக் கண் மருத்துவமனையிலும் பக்கத்து அறையிலேயே இருக்கும்.

வெள்ளெழுத்து மட்டும் தியேட்டரை விட்டு முழுசாகப் போகவில்லை. ஐபீஸிலிருந்து தலையைத் தூக்கி, லென்ஸ் டப்பாவில் அச்சிட்ட பவரைப் படிக்கிற நேரத்தில் அது திரும்ப வந்துவிடும். பவர் மாறிப்போனால் ஆபரேஷன் கச்சிதமாக நடந்தும் பார்வை தப்பாக அமையும். அதனால் நர்ஸ் டப்பாவைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, சர்ஜன் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.