நல்லவர் அனுப்பிய தவறான செய்தி



சென்ற ஆண்டு ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின், எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் வஃபாத்தாகிவிட்டார் என்ற செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. உடனே அதை மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, ஜனாஸா நேரத்தை அறிய அவருடைய வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்த அவர் மகளின் முகத்தைக் கண்டதுமே ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று உணர்ந்தேன். பெரியவர் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருடன் இருந்தார். அதற்குள் வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய மகன் என் செய்தியைப் படித்துவிட்டிருந்தார்.

மூன்று வாரங்களில், அல்லாஹ்வின் அருளால், பெரியவர் வீடு திரும்பினார். விடுமுறையில் வந்த மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேறு யார் அனுப்பியிருந்தாலும் வீட்டுக்கு ஒரு போன் செய்து கேட்டிருப்பேன். ஹஜ்ரத் அனுப்பியதால் நம்பிவிட்டேன்" என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

செய்தி வந்த வழியைப் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். முதலில் உறவினர் ஒருவர், "ஐ.சி.யு.வில் சேர்த்திருக்கிறோம், துஆச் செய்யுங்கள்" என்று எழுதியிருக்கிறார். அடுத்தவர் அதைக் "கவலைக்கிடம்" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களாம்" என்று புரிந்துகொண்டார். நான்காமவர் இன்னாலில்லாஹி எழுதிவிட்டார். ஐந்தாமவன் நான். எங்களில் எவரும் பொய் சொல்ல எண்ணவில்லை. அப்படியானால் பொய் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது, மனிதர்கள் செய்தி பரிமாறும் விதத்தை ஆராய்ந்தவர்களின் வரலாறு என் முன் விரிந்தது. அதிலிருந்து சிலவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கேம்பிரிட்ஜில் பூனையாக மாறிய ஆந்தை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிரெடெரிக் பார்ட்லெட். மனித நினைவைப் பற்றிய இவருடைய புகழ்பெற்ற நூல் 1932ஆம் ஆண்டு வெளிவந்தது. இவர் கையாண்ட முறை எளியது. ஒருவருக்கு ஒரு கதையையோ படத்தையோ காட்டுவார். அவர் அதை நினைவிலிருந்து எழுதவோ வரையவோ வேண்டும். அவர் ஆக்கியது இரண்டாமவருக்கும், இரண்டாமவர் ஆக்கியது மூன்றாமவருக்கும் செல்லும். இறுதியில் முதலையும் கடைசியையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்.

எகிப்திய எழுத்துமுறையைச் சார்ந்த ஓர் ஆந்தை உருவம் இவ்வாறு கைமாறியது. ஒவ்வொருவரும் தமக்கு விளங்காத கோடுகளைத் தமக்கு விளங்கியவாறு சற்றே திருத்தினர். பல கைகள் மாறியபின் அந்த ஆந்தை கறுப்புப் பூனையாகிவிட்டது.

வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாட்டார் கதை ஒன்றையும் அவர் பயன்படுத்தினார். ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, அம்மக்களின் தோணிகள் தமக்குப் பழக்கமான படகுகளாயின. சீல் எனும் கடல்விலங்கை வேட்டையாடச் சென்றவர்கள் மீன்பிடிக்கச் சென்றவர்களாயினர். ஆவிகளைப் பற்றிய விளங்காத பகுதிகள் உதிர்ந்தன, அல்லது வேறு விளக்கம் பெற்றன. கதை சுருங்கியது, ஆனால் கேட்பவருக்கு முன்னினும் தெளிவாகத் தோன்றியது.

பார்ட்லெட் கண்ட முடிவு இதுதான்: நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை அப்படியே எடுப்பது அன்று. ஒவ்வொரு முறையும் மனம் அதைத் தன் பழக்கத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் ஏற்ப மீண்டும் கட்டுகிறது. கட்டுபவர் அதை அறிவதில்லை.

கை மாறிய சவரக்கத்தி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வதந்திகள் பெருகின. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபின், உண்மையான இழப்பை அரசு மறைக்கிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அதை மறுக்க 1942 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே வானொலியில் பேச நேர்ந்தது. இச்சூழலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகியோர் வதந்தியை ஆராய்ந்து 1947இல் ஒரு நூலை வெளியிட்டனர்.

அவர்களும் செய்தியைச் சங்கிலியாகக் கடத்தினர். படத்தைக் கண்டவர் காணாதவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஐந்தாறு பேரைக் கடப்பதற்குள் விவரங்களில் சுமார் 70 விழுக்காடு உதிர்ந்துவிட்டன. எஞ்சியவை முன்னினும் கூர்மையாயின. அவையும் சொல்பவரின் மனச்சாய்வுக்கு ஏற்ப வளைந்தன.

அப்படங்களில் ஒன்று சுரங்க ரயில் பெட்டிக்குள் நடக்கும் காட்சி. அதில் ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் எதிரெதிரே நிற்கின்றனர். சவரக்கத்தி வெள்ளையரின் கையில் இருக்கிறது. இப்படத்தைக் கொண்டு நடந்த சோதனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், சங்கிலியின் ஏதோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பினத்தவரின் கைக்கு மாறிவிட்டது. மாற்றியவர்கள் வேண்டுமென்றே அவதூறு சொன்னவர்கள் அல்லர். தம் மனத்தில் முன்பே இருந்ததைத்தான் படத்தில் இருந்ததாக எண்ணிச் சொன்னார்கள். வதந்தியால் பழி சுமக்க நேர்ந்த எந்தச் சமுதாயமும் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நாம் பிறரைப் பற்றிப் பேசும்போதும் நம் உள்ளத்தில் இதுவே நிகழ்கிறது.

வதந்தி எப்போது பிறக்கும் என்பதற்கும் அவர்கள் விடை தந்தனர். செய்தி முக்கியமானதாகவும் தெளிவற்றதாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையெனில் வதந்தி இல்லை. எங்கள் பெரியவரின் உயிர் எங்களுக்கு முக்கியமானது; மருத்துவமனைக்குள் நடப்பதோ தெளிவற்றது.

ஹதீஸ் கலையின் இரு நிபந்தனைகள்

இதைப் படித்தபோது, ஆண்டுதோறும் வகுப்பில் நான் கற்பிக்கும் ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஆய்வுக்கூடச் சோதனை எதையும் நடத்தவில்லை; அவர்களுடைய நோக்கமும் வேறு. எனினும், வாய்வழிச் செய்தியை எப்போது நம்பலாம் என்ற கேள்வி அவர்கள் முன்னும் நின்றது.

ஆதாரப்பூர்வமான ஹதீஸின் அறிவிப்பாளரிடம் அவர்கள் இரண்டு தகுதிகளைக் கோரினர். ஒன்று 'அதாலத்', அதாவது நேர்மை. மற்றொன்று 'ளப்த்', அதாவது கேட்டதைப் பிசகாமல் காத்துச் சொல்லும் திறன். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தந்த வரையறையில் இவ்விரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன. ஒருவரின் ளப்த்தை அறிய, அதே ஆசிரியரிடம் கேட்ட நம்பகமான பிற மாணவர்களின் அறிவிப்புகளோடு அவருடையதை ஒப்பிட்டனர். அடிக்கடி முரண்பட்டால், அவர் எத்துணை வணக்கசாலியாயினும் அவருடைய அறிவிப்பை ஏற்கத் தயங்கினர். எகிப்தின் காளியாக இருந்த இப்னு லஹீஆ (ரஹ்) அவர்கள் பெரும் அறிஞர். ஆயினும் நினைவாற்றல் குறையின் காரணமாக அறிஞர் பலர் அவரைப் பலவீனமானவர் என்றனர்.

ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் முன்னுரையில், நல்லடியார்களின் நாவிலும் அவர்கள் எண்ணாமலே பொய் ஓடிவிடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதைக் கண்டிக்கும் நபிமொழியும் அதே முன்னுரையில் வருகிறது. இவற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவனே அன்று அந்தச் செய்தியை அனுப்பினேன்.

பெயரில்லாத சங்கிலி

இஸ்னாதில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பெயர் உண்டு. அவர் யார், எங்கு வாழ்ந்தார், யாரிடம் கேட்டார் என்று விசாரிக்க இயலும். நாம் 'ஃபார்வர்டு' செய்யும் செய்தியிலோ பெயர்களே இருப்பதில்லை. 2018இல் இந்தியாவில் பொய்ச் செய்திகளால் உயிர்ப்பலிகள் நேர்ந்தபின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு விதித்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து வெளியிட்டனர். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் கண்டனர்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அது தீயவன் கொண்டுவரும் செய்தியைக் குறிப்பிடுகிறது. நல்லவர் கொண்டுவருவதையும் சரிபார்க்க வேண்டிய தேவையை ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. சரிபார்ப்பது அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதாகாது.

இப்போதெல்லாம் வஃபாத் செய்தி வந்தால், முதலில் அவ்வீட்டாரிடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ கேட்டுக்கொள்கிறேன். அனுப்பும்போது, யாரிடம் கேட்டேன் என்பதையும் எழுதுகிறேன். சில நிமிடங்கள் தாமதமாகிறது. ளப்த் பற்றிய பாடத்தை நடத்தும்போது, மாணவர்களுக்கு என் தவறையே முதல் உதாரணமாகச் சொல்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பிழையிலிருந்து காப்பானாக! ஆமீன்.