சிறப்புப் பள்ளிகளுக்கான தொகுதிமுறைக் கட்டுமானம்

சிறப்புப் பள்ளிகளுக்கான தொகுதிமுறைக் கட்டுமானம் என்பது, சிறப்புக் கல்வித் தேவைகள் உடைய மாணவர்களுக்கான பள்ளிக் கட்டடத்தின் சுவர், தளம், கூரை ஆகியவற்றையோ முழு அறைகளையோ தொழிற்சாலையில் முன்கூட்டியே செய்து, வளாகத்துக்குக் கொண்டுவந்து பொருத்தும் முறையாகும். களத்தில் நடைபெறும் வேலையின் காலமும், இரைச்சலும், தூசியும் குறைவது இதன் முதன்மையான பயன். சென்னையில் இம்முறையின் அடிப்படைத் தொழில்நுட்பங்கள் குடியிருப்புகளிலும் மருத்துவப் பிரிவுகளிலும் உருவாக்கிப் பார்க்கப்பட்டுள்ளன.

வகைகள்

தொகுதிமுறைக் கட்டுமானம் பொதுவாக மூன்று வகைப்படும்.

1. பலகை முறை: சுவர்களும் தளங்களும் தட்டையான பலகைகளாக வந்து களத்தில் இணைக்கப்படும்.
2. பெட்டி முறை: மின்கம்பி, குழாய், கதவு ஆகியவற்றுடன் முழு அறை ஒரே பெட்டியாக வரும்.
3. முன்வார்ப்பு முறை: கான்கிரீட் தூண்கள், உத்தரங்கள், தளங்கள் ஆகியவை வார்ப்பிடத்தில் செய்யப்பட்டு, பாரந்தூக்கி மூலம் நிறுவப்படும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு ஏற்பட்ட பெருந்தேவையை நிறைவேற்ற, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டம் முன்செய்த உறுப்புகளைக் கொண்டு பள்ளிகளைக் கட்டியது. 1957 ஆம் ஆண்டு நாட்டிங்ஹாம்ஷயர் முதலிய உள்ளாட்சிகள் இணைந்து 'கிளாஸ்ப்' என்னும் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. நிலக்கரிச் சுரங்கங்களால் தாழும் நிலத்தில் விரிசல் விடாமல் நிற்கும்படி இதன் எஃகுச் சட்டகம் அமைக்கப்பட்டது. எனினும் இக்கட்டடங்கள் பலவற்றில் கல்நார் பயன்படுத்தப்பட்டதால், பிற்காலத்தில் அவற்றைப் பராமரிப்பது கடினமாயிற்று.

தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டடங்களின் பாதுகாப்பு 2004 ஆம் ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்த தீ விபத்துக்குப் பின் பெரும் கவனம் பெற்றது. தனியார் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். இதைத் தொடர்ந்து பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. குறைந்த செலவில் விரைவாகக் கட்டப்படும் கட்டடமும் தீயைத் தாங்குவதாகவும் எளிதில் வெளியேற வழியுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்படுகிறது.

சென்னையில் தேவை

மத்திய, தென்சென்னையில் பல சிறப்புப் பள்ளிகள் அமைந்துள்ளன. அடையாறில் 1969 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத இளங்குழந்தைகளுக்குப் பேச்சுவழிக் கல்வி அளிக்கிறது. மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி 1970 இல் தொடங்கப்பட்டது. கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர், 1985 இல் மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பாகும்.

இப்பகுதிகளில் காலிமனை அரிது. பள்ளிகளை விரிவாக்கும்போது, மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும் வளாகத்திலேயே வேலை நடைபெற வேண்டியுள்ளது. கட்டுமான இரைச்சல் மதியிறுக்கம் உடைய குழந்தைகளைக் கடுமையாகப் பாதிக்கும். செவிக்கருவி அணிந்த குழந்தைக்கு ஆசிரியரின் குரலை மறைத்துவிடும். எனவே, பெரும்பகுதி வேலையைத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டு, எஞ்சியதைக் கோடை விடுமுறையில் முடிப்பது சிறப்புப் பள்ளிகளுக்குக் கூடுதல் பயன் தருகிறது.

வடிவமைப்புக் கூறுகள்

இயக்கக் குறைபாடு: சக்கர நாற்காலி செல்லும் கதவின் திறப்பு குறைந்தது 900 மி.மீ. இருக்க வேண்டும். சாய்தளத்தின் சரிவு 1:12 ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது 45 செ.மீ. உயரமுள்ள தளத்தை அடைய 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் உள்ளிட்ட அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. வெள்ளத்துக்கு அஞ்சித் தளத்தை 90 செ.மீ. உயர்த்தினால், சாய்தளம் 10.8 மீட்டராகும், இடைமேடைகளுக்கும் இடம் விட வேண்டும். சிறிய மனையில் இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

செவித்திறன் குறைபாடு: வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்கு மிகக் கூடாது என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்துள்ளது. செவித்திறன் குறைந்தோர் வகுப்பறையில் எதிர்முழக்க நேரம் 0.4 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. எடை குறைந்த பலகைகள் ஒலியை எளிதில் கடத்துவதால், இரட்டை அடுக்கும் ஒலி உறிஞ்சும் உட்கூரையும் தேவைப்படுகின்றன.

பார்வைக் குறைபாடு: சுவருக்கும் கதவுக்கும் தெளிவான நிற வேறுபாடு, கண் கூசாத ஒளி, தொட்டறியும் தரைக் குறிகள் ஆகியவை வேண்டும்.

மதியிறுக்கம்: வகுப்பறையை ஒட்டிச் சிறிய அமைதி அறையும், குழப்பம் தராத எளிய தள அமைப்பும் வேண்டும்.

சென்னையில் தொழில்நுட்பங்கள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2013 ஆம் ஆண்டு தன் வளாகத்தில் கண்ணாடியிழையால் வலுவூட்டிய ஜிப்சம் பலகைகளைக் கொண்டு, நான்கு வீடுகள் அடங்கிய இரண்டு அடுக்குக் கட்டடம் ஒன்றை ஏறத்தாழ ஒரு மாதத்தில் கட்டியது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய இப்பலகை 12 மீட்டர் நீளமும், 3 மீட்டர் உயரமும், 124 மி.மீ. தடிமனும் உடையது. உட்புறம் உள்ளீடற்றது. தேவையான இடங்களில் உள்ளறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பப்படுகின்றன. சுவருக்கு மட்டுமன்றித் தளம், கூரை, படிக்கட்டு ஆகியவற்றுக்கும் இப்பலகையே பயன்படுத்தப்பட்டது.

அக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மாடுலஸ் ஹவுசிங் நிறுவனம், 2020 இல் கொரோனா பெருந்தொற்றின்போது மடக்கி எடுத்துச் செல்லத்தக்க மருத்துவப் பிரிவை உருவாக்கியது. இது கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் நிறுவப்பட்டது. தென்சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு கான்கிரீட் முறையில் கட்டப்பட்ட 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன.

பேண்தகு தன்மை

மேற்கூறிய ஜிப்சம் பலகை, உர ஆலைகளில் கழிவாகக் குவியும் பாஸ்போஜிப்சத்திலிருந்து செய்யப்படுகிறது. இதனால் செங்கல், மணல், சிமெண்ட் ஆகியவற்றின் பயன்பாடு குறைகிறது. ஆயினும் பலகையின் பொருள் மட்டும் ஒரு கட்டடத்தைப் பேண்தகு கட்டடமாக்கிவிடாது. சென்னையின் வெப்பத்தில் கூரைக் காப்பும், சன்னல் நிழல்தட்டும், குறுக்குக் காற்றோட்டமும் இன்றியமையாதவை. மூளை முடக்குவாதம், தண்டுவடப் பாதிப்பு ஆகியவை உடைய சில குழந்தைகளுக்கு உடல் வெப்பத்தைச் சீர்படுத்தும் ஆற்றல் குறைவாதலால், இது வசதி மட்டுமன்று, உடல்நலம் சார்ந்ததுமாகும்.

சட்டம்

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. 31 ஆம் பிரிவின்படி, நிர்ணயிக்கப்பட்ட அளவு குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறலாம். எனவே இங்குக் கூறிய வடிவமைப்புக் கூறுகள் பொதுப் பள்ளிகளுக்கும் பொருந்துவனவாகும்.

குறைபாடுகள்

* 12 மீட்டர் பலகைகளை ஏற்றிய வண்டி மயிலாப்பூரின் குறுகிய தெருக்களில் திரும்ப இயலாது. பலகைகளைத் தொழிற்சாலையிலேயே சிறிதாக வெட்டிக் கொண்டுவர வேண்டும்.
* இணைப்புகள் சரிவர அடைக்கப்படாவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் நீர் கசியும். கடற்காற்றின் உப்பு எஃகு இணைப்புகளை அரிக்கும்.
* கைப்பிடிக் கம்பி, குழந்தையைத் தூக்கும் கருவி ஆகியவற்றைத் தாங்கும் இடங்களை முன்னரே குறிக்க வேண்டும். பின்னர் பலகையை விருப்பம்போல் துளைப்பது பாதுகாப்பன்று.
* தொழிற்சாலையில் நேரும் ஒரு பிழை பல கட்டடங்களுக்குப் பரவக்கூடும். 2023 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தில் தொகுதிமுறையில் கட்டப்பட்ட மூன்று பள்ளிகளின் கட்டடங்கள் கட்டமைப்புக் குறைகளால் மூடப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

* சிறப்புக் கல்வி
* முன்வார்ப்பு கான்கிரீட்
* கும்பகோணம் பள்ளித் தீ விபத்து
* அனைவருக்குமான வடிவமைப்பு