அகிரா என்றால் என்ன அர்த்தம்? குரோசாவா முதல் 'டிராகன் பால்' வரை... பெயர் ஒன்று, எழுத்து பல!

'அகிரா' என்றதும் சினிமா ரசிகர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருபவர் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா. 2016ல் ஏ.ஆர்.முருகதாஸ் இந்தியில் எடுத்த 'அகிரா'வில் (நம்ம 'மௌன குரு'வின் ரீமேக்தான்) கதாநாயகிக்கு அந்தப் பெயர். ஆனால் ஜப்பானில் இது பெரும்பாலும் ஆண் பெயர்.

சரி, அர்த்தம் என்ன? இணையத்தில் தேடினால் 'பிரகாசமானவன்', 'அறிவாளி' என்றெல்லாம் வரும். தப்பில்லை, ஆனா முழுசா சரியும் இல்லை. ஜப்பானியப் பெயர்களின் பொருள் பெரும்பாலும் ஒலியில் இல்லை. எழுதப்படும் காஞ்சி எழுத்தில் இருக்கிறது. (காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீனாவில் இருந்து ஜப்பானுக்குப் போன எழுத்துகள் இவை.) 'அகிரா' என்று வாசிக்கக்கூடிய எழுத்துகள் ஏராளம்.

குரோசாவா பெயரில் இருப்பது சூரியனையும் சந்திரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த எழுத்து. பொருள், வெளிச்சம். 'டிராகன் பால்' படைத்த அகிரா தோரியாமாவுக்கும் (1955-2024) அதே எழுத்துதான். முன்னாள் பேரரசர் அகிஹிட்டோவின் பெயரும் இதில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே வாசிப்பு 'அகி'.

'காட்ஸில்லா' (1954) படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேவுக்கு வேறு எழுத்து. அதுவும் ஒளியைத்தான் குறிக்கும். ஷோவா சகாப்தத்தின் (1926-1989) பெயரில் வரும் முதல் எழுத்து அது.

நோபல் பரிசு வாங்கிய இரண்டு அகிராக்கள் கதை இன்னும் சுவாரஸ்யம். கார்பன் அணுக்களை இணைக்கும் வேதிவினைக்காக 2010ல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அகிரா சுசுகி. அவரது எழுத்துக்கு அத்தியாயம், சின்னம் என்று பொருள். நம் செல்போன்களில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019ல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அகிரா யோஷினோ. சுசுகியின் எழுத்துக்கு வலப்பக்கம் மூன்று கோடு சேர்த்தால் யோஷினோவின் எழுத்து! பொருளோ 'தெளிவாக வெளிப்படுவது' என்று மாறிவிடுகிறது. இருவருக்கும் கிடைத்தது வேதியியல் நோபல்தான்.

அதனால்தான் பெயரைச் சொன்னால் மட்டும் அங்கே போதாது. 'எந்த எழுத்து?' என்று கேட்பார்கள். 'வெளிச்சம்னு எழுதுற அகிரா' என்கிற மாதிரி விளக்க வேண்டும்.

இதில் தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. பெயரில் சுமார் 3,000 காஞ்சி எழுத்துகளைத்தான் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதை எப்படி வாசிப்பது என்று 2025 வரை குடும்பப் பதிவேட்டில் எழுதியதே இல்லை. வழக்கமான எழுத்தை வைத்துவிட்டு, யாரும் யூகிக்க முடியாத உச்சரிப்பைச் சில பெற்றோர் சூட்டினார்கள். 'கிராகிரா', அதாவது மினுமினுப்புப் பெயர்கள் என்று இவற்றுக்குப் பட்டமே உண்டு.

2025 மே 26 முதல் சட்டம் மாறிவிட்டது. உச்சரிப்பும் பதிவாக வேண்டும். அது அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வாசிப்பாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தவர்களுக்கு உள்ளாட்சி அலுவலகமே உச்சரிப்பைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பியது. தப்பாக இருந்தால் திருத்தம் கேட்க, சட்டம் மாறிய நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. கேட்காவிட்டால் கடிதத்தில் உள்ளபடியே பதிவாகும் என்பது ஏற்பாடு.