கயிற்றில் கோத்த வழி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா. நன்னன் என்ற வேளின் ஊர் அது. அவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வருகிற கூத்தருக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், ஜவ்வாதில் பிறக்கும் செய்யாறு சேயாறாக ஓடுகிறது. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல், வழுக்கும் பாறை, வழியோர நடுகல் என்று ஒவ்வோர் எச்சரிக்கையும் நடப்பவர் கால்வைக்கும் முறையில் வருகிறது. அடிகளின் வரிசையே பாதையின் வரிசை. இப்படி வரிசையே உயிராக இருக்கும் ஒரு நூல், வரிசை எந்நேரமும் கலையக்கூடிய தனி ஏடுகளில்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஏடுகள் உதிரியாக இருந்ததால் நூல் அழியக்கூடிய நிலைக்குப் போனது உண்மைதான். ஆனால் அது பிழைத்ததற்கும் அந்த உதிரித்தன்மையே பெரிய காரணம் என்பது என் வாதம்.

சுவடியின் அமைப்பைப் பாருங்கள். ஓலையில் துளையிட்டு, ஒன்றில் கயிறும் மற்றொன்றில் நாராசம் என்ற கம்பியும் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். கயிறு துளையிலிருந்து நழுவாமல் அதன் முனையில் கிளிமூக்கு. இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண். 1921இல் லண்டனில் தொடங்கிய பைலோஃபாக்ஸ் குறிப்பேட்டின் வளையங்கள் செய்த வேலையை இந்தக் கயிறு வெகுகாலம் முன்பே செய்துவிட்டது. பூச்சி அரித்த ஓர் ஏட்டை மட்டும் உருவி எடுத்து, புது ஓலையில் பார்த்தெழுதி அதே இடத்தில் செருகலாம். மற்ற ஏடுகளை யாரும் தொட வேண்டியதில்லை. வெப்பமும் ஈரமும் கரையானும் உள்ள நாட்டில் இதைவிடப் பொருத்தமான பழுதுபார்ப்பு முறை எனக்குத் தெரியவில்லை.

சுவடியை இப்படி உதிரித்தாள் நூல்களோடு ஒப்பிடுவதே தவறு என்று ஒருவர் மறுக்கலாம். ஆங்கில எழுத்தாளர் பி. எஸ். ஜான்சன் 1969இல் தம் நாவலைத் தைக்காத 27 பகுதிகளாகப் பெட்டியில் வைத்து வெளியிட்டார். முதலும் கடைசியும் தவிர மற்றவற்றை வாசகர் விரும்பியபடி மாற்றி அடுக்கலாம். அங்கே கலைதல் ஆசிரியரின் நோக்கம். இங்கே அது விபத்து. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால், நம் சுவடி எழுதியவர்கள் எண்ணிட்டு, இறுக்கிக் கட்டி, கலைவதை எதிர்த்தே உழைத்தார்கள். ஆனாலும் இரண்டிலும் ஒன்று பொது: தாளைப் பிரித்துச் சேர்க்கும் அதிகாரம் நூலை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. ஜான்சனின் வாசகர் அதை விளையாட்டாகப் பயன்படுத்தினார். சுவடி வைத்திருந்தவர் அதே அதிகாரத்தால் நூலைக் காப்பாற்றினார், சில சமயம் அக்கறையின்மையால் தொலைக்கவும் செய்தார்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: தைத்த புத்தகமாக இருந்திருந்தால் ஏடுகள் தொலைந்தே இருக்காதே? இதற்குக் குறிஞ்சிப்பாட்டின் கதை விடை தருகிறது. மலைபடுகடாமோடு பத்துப்பாட்டில் அடங்கிய அந்தப் பாட்டு 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறது. உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த சுவடிகளில் அதில் சில பூக்களைக் காணவில்லை. தருமபுர ஆதீனத்தில், எந்த நூலுடையவை என்று தெரியாமல் கிடந்த ஒற்றை ஏடுகளுக்குள் தேடித்தான் அந்தப் பூக்களை அவர் மீட்டார். ஒரு சுவடியிலிருந்து பிரிந்த ஏடு, முற்றிலும் வேறொரு சுவடியின் குறையை நிரப்பியது. பத்துப்பாட்டை அவர் 1889இல் அச்சிட்டார்.

ஆகவே நூலகங்களில் முதலும் முடிவும் இல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட உதிரி ஏடுகளை, முழுச் சுவடிகளுக்குத் தரும் அதே கவனத்தோடு, ஏடு ஏடாகப் படித்து அட்டவணைப்படுத்த வேண்டும் என்கிறேன். ஓர் ஏட்டில் நாலைந்து அடிகளே இருந்தாலும், அது எந்த நூலில் விட்டுப்போன இடம் என்பதைப் படித்த பிறகுதான் சொல்ல முடியும்.