தோற்றுப்போன வார்ம் அப் ஜெயித்த கதை

வீட்ல புட்பால் ஆடுற பிள்ளை இருக்கா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான் 👇

1/ பயிற்சின்னா நம்ம மைதானங்கள்ல என்ன நடக்கும்? ரெண்டு ரவுண்டு ஓட்டம், நின்னபடியே ஸ்ட்ரெட்ச்சிங், உடனே மேட்ச். உடம்பு சூடாகும், சரி. ஆனா முழங்காலுக்கு இது பாதுகாப்பு தருமா?

2/ முழங்காலுக்குள்ள ஏசிஎல்னு ஒரு தசைநார் இருக்கு. எதிராளி மோதாமலேயே இது கிழியலாம். குதித்து இறங்கும்போதோ சட்டுன்னு திரும்பும்போதோ முட்டி உள்பக்கமா மடங்கினா போதும். பருவ வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

3/ 1994இல் ஃபிஃபா தனக்கென ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. காயத்துக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, வராமல் தடுப்பதுதான் நோக்கம். அங்கிருந்து வந்தது "தி 11". பத்து உடற்பயிற்சிகள். பதினொன்றாவது? நேர்மையாக விளையாடுவது!

4/ இதை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் சுமார் 2,000 பேரிடம் சோதித்தார்கள். முடிவு? செய்த அணிக்கும் செய்யாத அணிக்கும் காயத்தில் வித்தியாசமே இல்லை. படுதோல்வி.

5/ தோல்வியை மூடி மறைக்கவில்லை. அப்படியே பிரசுரித்தார்கள். ஏன் தோற்றது என்றும் பார்த்தார்கள். பாதிப் பயிற்சி நாட்களில்தான் அணிகள் அதைச் செய்திருந்தன. மருந்து சீட்டு கொடுத்தாச்சு, மாத்திரையைப் பாதி நாள்தான் போட்டாங்க. எங்க ஓபிக்கு ரொம்பப் பழக்கமான கதை 🙂

6/ அதனால் புதுசா வடிவமைத்தார்கள். பெயர் "11 ப்ளஸ்". மொத்தம் 20 நிமிடம், 15 பயிற்சிகள்.
8 நிமிடம் ஓட்டம்.
10 நிமிடம் தசை வலு, சமநிலை, குதித்தல்.
கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம், திரும்புதல்.
வலுப் பயிற்சிகளில் மூன்று படிகள். பழகப் பழகக் கடினமாகும், அதனால் போர் அடிக்காது.

7/ மறுபடியும் அதே நார்வே, அதே வயது. 125 கிளப்கள், 1,892 பெண்கள். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகின.

8/ கால் காயங்களை மட்டும் தனியா எடுத்தா குறைவு தெரிந்தது, ஆனா புள்ளியியல்படி உறுதியாச் சொல்ல முடியல. அதையும் ஒளிக்காம எழுதினாங்க. நல்ல ஆராய்ச்சிக்கு அழகு அதுதான்.

9/ அடுத்து சின்னப் பிள்ளைகளுக்கு "11 ப்ளஸ் கிட்ஸ்". இதில் எப்படி அடிபடாம விழுறதுன்னும் சொல்லித் தர்றாங்க! நான்கு ஐரோப்பிய நாடுகளில் சுமார் 3,900 பிள்ளைகளிடம் சோதித்து 2018இல் பிரசுரித்தார்கள். காயங்கள் 48% குறைவு.

10/ இதுக்கு ஜிம் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு பந்து, ஒரு மைதானம், விடாமல் செய்ய வைக்கும் ஒரு கோச். வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய்யணும். ஒரு காலில் நிற்பது, சரியா குதித்து இறங்குவது, நிதானம் தவறாமல் திரும்புவது... இதெல்லாம் ஆட்டத் திறமையும்தானே?

11/ பிள்ளையை அகாடமியில சேர்க்கும்போது பீஸும் ஷூவும் விசாரிக்கிறோம். கூடவே ஒரு கேள்வி கேளுங்க: "சார், வார்ம் அப்ல என்ன செய்ய வைக்கிறீங்க?"

கிழிந்த தசைநாரை ஆபரேஷன்ல சரிசெய்யலாம். ஆனா திரும்ப மைதானத்துக்கு வர பல மாசம் ஆகும். அந்த வயசுல அது ரொம்பப் பெரிய காலம்.

தெரிஞ்ச பிடி சாருக்கும் கோச்சுக்கும் இதை அனுப்புங்க.